நாலாவது செல்

வெள்ளவத்தை
2025 ஓகஸ்ட் 6

கொன்ஸ்ரன்ஸ்,

ஐந்தாம் பொதி. முழு ஏற்றம். சூடு இல்லை. கடைசியாகக் கை வைத்தவள் அருந்ததி.

கம்பஸில் நாம் இருவரும் போட்ட சட்டப்படி எழுதுகிறேன். பற்றரி கைமாறும்போது கூடவே ஒரு தாளும் போக வேண்டும். முன்பின் தெரியாத ஒருத்தி வாசிப்பதாக நினைத்து அதை எழுத வேண்டும். யாரோ சொல்லாமல் வைத்துவிட்டுப் போன பொதியை நீ ஏற்றப்போய் அது பூரி மாதிரி வீங்கிய நாளில் வந்த சட்டம் அது. அப்போது முன்பின் தெரியாதவளாக நடிப்பது நமக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது நீ என்னை வாட்ஸ்அப்பில் தடுத்து வைத்திருக்கிறாய். நடிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே, முன்பின் தெரியாதவருக்கு: இது மூஞ்சூறின் பற்றரி. மூஞ்சூறு என்பது சப்பாத்துப் பெட்டி அளவான ஒரு ரோபோ. கமராவையும் விளக்கையும் சுமந்துகொண்டு, ஆள் நுழைய முடியாத மழைநீர்க் கான்களுக்குள் போய், எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துவரும். கொட்டாஞ்சேனையில் இருக்கும் கொன்ஸ்ரன்ஸ், பார்த்த வேலையையும் விட்டுவிட்டு அதைச் செய்தாள். அதற்குச் சோறு போடும் பெட்டியைச் செய்பவள் நான். பெட்டிக்குள் நான்கு லித்தியம் செல்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. தலைமாட்டில் ஒரு சின்னப் பலகை. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு சூடு என்று அது கணக்கு வைத்து, இன்னும் நூற்றுக்கு எத்தனை வீதம் மிச்சம் என்று ரோபோவுக்குச் சொல்லும். ஆபத்து என்று கண்டால் தானே இணைப்பை வெட்டிவிடும்.

அந்த வெட்டில்தான் நமது சண்டை தொடங்கியது. கைக்குழந்தை தாரிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் பட்டறையில் நின்றேன். மூஞ்சூறு குழாய்க்குள் போன கையோடு நின்றுவிட்டது. "இவ பிள்ளையப் பெத்து மூளைய ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்திட்டா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாய். பகிடி என்று தெரியும். அதற்கு நான் திருப்பிச் சொன்னது பகிடி இல்லை. கலியாணம், பிள்ளை என்று ஒன்றும் இல்லாதவளுக்கு என்ன விளங்கும் என்றேன்.

அதற்காக எப்படி மன்னிப்புக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. பற்றரியைச் சரியாகச் செய்து அனுப்பத் தெரியும். அதனால் இந்த வேலையை மட்டும் வேறு ஒருவரிடமும் கொடுத்துவிடாதே. கணவர் கிஷாந்துக்கு மாலைதீவு ஹோட்டலில் வேலை, அம்மா யாழ்ப்பாணத்தில். இந்த நான்காம் மாடிக்கு வெளியே என் பெயர் சொல்லி யாராவது திறக்கிற ஒரே சாமான் இந்தப் பெட்டிதான்.

கொண்டுவருபவர் இஸ்ஸதீன் நானா. எங்கள் ஒழுங்கை முனையில் ஓட்டோ வைத்திருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மகள், வயரும் பற்றரியுமா இத மடியில வச்சிக்கிட்டு நான் கொச்சிக்கட சேர்ச் பக்கம் போனா, பொட்டிய விட்டுட்டு என்னத்தான் மொதல்ல கழட்டிப் பாப்பாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஈஸ்டர் அன்று அங்கே குண்டு வெடித்த பிறகு, ஒரு முஸ்லிம் ஆள் இப்படி ஒரு பெட்டியோடு அந்தப் பக்கம் போவது லேசில்லை. மூடியில் மூன்று மொழியிலும் பெரிதாக எழுதி, என் அடையாள அட்டையின் பிரதியையும் ஒட்டியிருக்கிறேன்.

நான் நல்லாத்தான் இருக்கிறேன்.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
ஓகஸ்ட் 9

அருந்ததி,

ஐந்தாம் பொதி கிடைத்தது. போட்டேன், ஓட்டினேன், நின்றது. கடைசியாகக் கை வைத்தவள் கொன்ஸ்ரன்ஸ், தலையிலும் கை வைத்தவள்.

எடி, பூனை தும்மினாலும் உன் பற்றரிக்கு மயக்கம் வருகிறது. மோட்டர் அசையத் தொடங்கும்போது ஒரு இமைப்பொழுது மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும், அது உனக்குத் தெரியாதா? தெரியும். எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். அந்த இழுப்பை உன் பலகை கோளாறு என்று நினைத்து வெட்டுகிறது. அடுத்தது சூடு. நாற்பது பாகையில் நிறுத்தச் சொல்லி வைத்திருக்கிறாய். என் பட்டறை மேல்மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. பின்னேரத்தில் நானே நாற்பது பாகை. என்னையும் வெட்டுவாயா?

பட்டறையில் சொன்னது பிழை. அதை எல்லோர் முன்னாலும் சொன்னது அதைவிடப் பிழை. ஆனால் தடுப்பு அதற்கில்லை, நீ திருப்பிச் சொன்னதற்கும் இல்லை. தாரிகா பிறந்ததை நான் கிஷாந்தின் ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன். முந்தின கிழமைவரை தினமும் என்னோடு கதைத்தவள், ஒரு சொல் சொல்லவில்லை. பழப் பையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்று உனக்குப் போன் எடுத்தேன், எடுத்தேன், எடுத்தேன். காவலாளி இரக்கப்பட்டு உட்காரக் கதிரை தந்தார். அம்மா கேட்டபோது, "பிள்ளையப் பாத்திட்டன், வடிவு" என்று பொய் சொன்னேன். பழத்தை வாசலில் கடலை விற்கிற மனுசியிடம் கொடுத்துவிட்டேன்.

மழைக்கு முன் எங்கள் கானில், கான் துப்பரவு ஒப்பந்தக்காரரின் எஞ்சினியருக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு மேல் செலவழிக்க என் கையில் காசு இல்லை. வெட்டாத பற்றரி அனுப்பு. இல்லாவிட்டால் புறக்கோட்டையில் கடைப் பற்றரி வாங்கிக்கொள்வேன்.

கொன்ஸ்ரன்ஸ்

பி.கு. நானாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். உன் குழந்தை உன்னைப்போலவே முறைக்குமாம். "அப்பிடியே அந்த மகள்ட மூஞ்சிதான்" என்றார்.


வெள்ளவத்தை
ஓகஸ்ட் 17

கொன்ஸி,

ஆறாம் பொதி. முழு ஏற்றம். சூடு இல்லை.

ஆஸ்பத்திரி வாசலைப் பற்றி எழுதத் தொடங்கித் தாளைக் கிழித்தேன். பிறகு இன்னொன்றையும் கிழித்தேன். ஆகவே பொதியைப் பற்றி எழுதுகிறேன்.

நீ சொன்ன இரண்டையும் மாற்றியிருக்கிறேன். மோட்டர் தொடங்கும்போது வருகிற இழுப்பைச் சற்றுப் பொறுத்துப் பார்த்து, நீடித்தால் மட்டும் வெட்டும். ஓடுகிற வேளையில் சூட்டு எல்லையையும் ஏற்றியாயிற்று. உன் தகரக் கூரைக்கு மரியாதை.

ஏற்றம் வடிந்தால் வெட்டுகிற கீழ் எல்லையில் மட்டும் கை வைக்க மாட்டேன். ஒரு செல் அளவுக்கு மிஞ்சி வடிந்தால் அதன் உள்ளே செம்பு கரையும். அதைத் தெரியாமல் யாராவது திரும்ப ஏற்றினால், உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் சேர்க்கிட் உண்டாகி ஒரு நாள் எரியும். அன்றைக்கே எரிந்தால்கூட நல்லது. எந்த நாள் என்று சொல்லாமல் எரியும். கடைப் பற்றரி என்கிறாய். அதுவும் அந்த எல்லையில் வெட்டத்தான் செய்யும், உன்னிடம் கேட்கவும் மாட்டாது.

இங்கே பொதிகளைப் பல்கனியில், மணல் போட்ட மண்சட்டிக்குள் வைத்து ஏற்றுகிறேன். கீழ்வீட்டு அன்னபாக்கியம் அன்ரி நிமிர்ந்து பார்த்து, "என்ன பிள்ளை, சட்டியில செடியே? தண்ணி ஊத்துறாயில்லை?" என்றார். "கள்ளி, அன்ரி. தண்ணி ஊத்தக் கூடாது" என்றேன். அந்த நாளில் நான் வாய் திறந்து கதைத்தது அவ்வளவுதான். இரவில் கிஷாந்த் எடுத்தார். "சாப்பிட்டனீரா?" ஓம். "பிள்ளை படுத்திட்டாவா?" ஓம். "எல்லாம் ஓகேதானே?" ஓம். அவர் மேல் பிழையில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறார்.

கடற்கரை ரயில் போகும்போது கதவுக் கண்ணாடி அதிரும். அதிர்ந்ததும் எழுந்து சட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். திரும்பி வந்து அதே கையால் தாரிகாவின் நெற்றியைத் தொடுவேன். இரண்டும் சூடில்லை. பிறகு கை சரியாகப் பட்டதா என்று சந்தேகம் வரும். மறுபடியும் எழுந்து போவேன்.

இதெல்லாம் பொதிக் குறிப்பில் எழுதுகிற விஷயமில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுது.

அரு


கொட்டாஞ்சேனை
செப்ரெம்பர் 12

அருந்ததி,

ஆறாம் பொதி எங்கள் ஒழுங்கைக்குக் கீழே கானுக்குள் கிடக்கிறது, மூஞ்சூறும் அதோடு.

இன்றைக்குத்தான் ஓட்டிக் காட்டினேன். எஞ்சினியர் வந்திருந்தார். தெருவில் பாதிச் சனம். நன்றாகத்தான் போனது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, ஒரு அடைப்பைக்கூடக் காட்டித் தந்தது. திரையில் முப்பத்தெட்டு வீதம் மிச்சம் என்று இருந்தது. முப்பத்தெட்டு என்றால் திரும்பி வந்து இன்னொரு முறை போய்வரலாம். அடுத்த கணம் திரை கறுத்துவிட்டது. நான் அன்ரெனாக் கம்பியை ஆட்டினேன், மடிகணினியை அணைத்துப் போட்டேன். எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இவரத, மிஸ்?" என்று கேட்டார். முடிந்துவிட்டதா என்று. நான் கம்பியைத் திரும்பவும் ஆட்டினேன். நல்ல மனுசன், "இன்னொரு நாள் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மணிக்கு மழை தொடங்கியது. இன்னும் பெய்கிறது.

சும்மா இருக்க முடியாமல் ஐந்தாம் பொதியைத் திறந்து செல்களைத் தனித்தனியாக அளந்தேன். மூன்று நல்லது. நாலாவது, மோட்டரின் சூட்டுப் பக்கம் இருக்கிறதே, அது களைத்துப்போய்க் கிடக்கிறது. ஆறிலும் அப்படித்தான் இருந்திருக்கும். உன் பலகைக்கு நான்கையும் தனித்தனியாகத் தெரியும். நாலாவது விழுந்ததைப் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறது. ஆனால் எனக்குக் காட்டியது நான்கையும் கூட்டி நாலால் பிரித்த கணக்கு. முப்பத்தெட்டு!

தெரிந்திருக்கிறது, ஆனால் சொல்லவில்லை. கடைசிவரைக்கும் நல்லாத்தான் இருக்கிறேன் என்று காட்டிவிட்டு ஒரேயடியாக வெட்டிவிட்டது. வெட்டியதற்கு எனக்குக் கோபமில்லை. முதலே சொல்லியிருந்தால் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

யாருக்கு எழுதுகிறேன் என்று இப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை. இனிப் பொதி அனுப்ப வேண்டாம். ரோபோவே இல்லை.

கொன்ஸ்ரன்ஸ்


வெள்ளவத்தை
செப்ரெம்பர் 20

கொன்ஸி,

வேண்டாம் என்றாய். ஆனாலும் ஏழாம் பொதியை அனுப்புகிறேன். முழு ஏற்றம். சூடு இல்லை. நாலாவது செல்லைச் சூட்டிலிருந்து தள்ளி வைத்து, இடையில் ஒரு தகடும் கொடுத்திருக்கிறேன். என்றாலும் ஒரு நாள் ஏதோ ஒரு செல் மற்றதற்கு முன் களைக்கத்தான் செய்யும். அதைத் தடுக்க என்னால் முடியாது.

சராசரியை ஏன் அனுப்பினேன் என்று யோசித்தேன். ஒரே ஒரு எண் என்றால் சுத்தமாக இருக்கும், நீ குழம்ப மாட்டாய் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், நான்கையும் தனித்தனியாகக் காட்டினால் நீ நாலாவதைப் பார்த்து, "ஏன் இது இப்பிடி இருக்கு?" என்று கேட்பாய். கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியை யாரும் கேட்காதபடி ஒரு எண்ணைச் செய்து வைத்தேன்.

போன மாதம் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தார். பிள்ளையைத் தராசில் நிறுத்தார், பால் போதுமா என்றார், தடுப்பூசித் திகதியைப் பார்த்தார். எல்லாம் நல்லது. போகிற போக்கில், செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மாவுக்கும் ஒண்டும் இல்லைதானே?" என்றார். "இல்லை மிஸ்" என்றேன். கூட்டிப் பிரித்துச் சொன்னேன்.

பிரிக்காமல் சொல்கிறேன். பிள்ளை உறங்கும்போதும் எனக்கு உறக்கம் வருவதில்லை. குளிக்கும்போது அவள் அழுவது கேட்கும். சவர்க்காரத்தோடு ஓடிவருவேன், அவள் உறங்கிக்கொண்டிருப்பாள். அவளைத் தூக்கிக்கொண்டு பல்கனிப் பக்கம் போக முடிவதில்லை. பற்றரி எரியும் என்று பயம். பற்றரியை அறைக்குள் எடுத்தால் அதைவிடப் பயம். நாற்பது பாகை என்று நான் வைத்தது பலகைக்கு இல்லை, எனக்கு. பிள்ளை பிறந்த அன்றைக்கே இது தொடங்கிவிட்டது. போன் அடித்தது எனக்குக் கேட்டது, கொன்ஸி. உன் பெயரைப் பார்த்தேன். எடுத்தால் அழுவேன், அழுதால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். இவ்வளவு நல்ல பிள்ளையைப் பெற்றவள் ஏன் அழுகிறாள் என்று. அதனால் எடுக்கவில்லை. நீ வாசலில் நிற்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருப்பேனா என்று சத்தியம் செய்ய முடியாது.

இனி வேலை. பலகையை மாற்றி எழுதியிருக்கிறேன். சராசரியை விட்டுவிட்டேன். நான்கில் எது மிகக் களைத்ததோ அதன் அளவைத்தான் திரைக்கு அனுப்பும். அது இறங்கத் தொடங்கியதும் வெட்டாது. முதலில் "களைக்கிறேன்" என்று மூஞ்சூறுக்குச் சொல்லும். மூஞ்சூறு விளக்கையும் கமராவையும் அணைக்க வேண்டும், பாதி வேகத்துக்கு வர வேண்டும், வந்த வழியைச் சக்கரம் எண்ணி வைத்த கணக்கில் திரும்பிப் பிடிக்க வேண்டும். வந்து சேரும் அளவுக்கு மின்சாரத்தைப் பொதி முதலே ஒதுக்கி வைத்திருக்கும். அதுவும் முடிந்தால்தான் வெட்டு. என் பக்கம் சொல்வது, உன் பக்கம் கேட்பது. கேட்கிற நிரலை நீதான் எழுத வேண்டும். பொதி எவ்வளவு சொன்னாலும், கேட்க ஆள் இல்லாவிட்டால் பழைய கதைதான்.

ரோபோ இல்லை என்று தெரியும். இதை மேசையில் வைத்துக்கொள். தூக்கிப் போட்டுவிடாதே.

அரு


கொட்டாஞ்சேனை
ஒக்ரோபர் 14

அரு,

ஏழாம் பொதி. மூன்று ஓட்டம் முடிந்தது. சூடு இல்லை. கடைசியாகக் கை வைத்தவள் கொன்ஸ்ரன்ஸ்.

மூஞ்சூறு வந்துவிட்டது! மழை விட்ட பிறகு கான் துப்பரவு செய்தவர்கள் அதை ஒரு பழைய தலையணையோடு சேர்த்து வெளியே இழுத்துப் போட்டார்கள். தலையணைதான் அந்த அடைப்பு. இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதைத்தான் நீ வேலைய விட்டுட்டுப் பெத்தியா" என்றா. ஆறாம் பொதியைத் திறந்து பார்த்தேன். அவ்வளவு நாள் கான் தண்ணீருக்குள் கிடந்தும் ஒரு செல்லும் வீங்கவில்லை. வெட்டிய இடத்திலேயே நின்றிருக்கிறது. நீ கீழ் எல்லையை விட்டுக்கொடுத்திருந்தால் நாலாவது அங்கேயே வடிந்து செத்திருக்கும். இதை ஒரு முறைதான் சொல்வேன், பாடமாக்கிக்கொள்.

மோட்டர் இரண்டையும் மாற்றி, கேட்கிற நிரலை எழுதி, நேற்று எஞ்சினியரைத் திரும்பக் கூப்பிட்டேன். வேண்டுமென்றே, நாலாவதின் இடத்தில் ஐந்தாம் பொதியின் களைத்த செல்லைப் போட்டேன். திட்டாதே, தாளில் எழுதியிருக்கிறேன், சட்டத்தை மீறவில்லை. இரண்டாம் வளைவில் திரையில் உன் சொல் வந்தது: களைக்கிறேன். விளக்கு அணைந்தது. கமரா அணைந்தது. திரை கறுப்பு, அன்றைக்குப் போலவே. எஞ்சினியர் குனிந்து, "இவரத, மிஸ்?" என்றார். "நே, மஹத்தயா. எனவா" என்றேன். இல்லை, வருகிறது என்று. சொல்லிவிட்டேனே தவிர, எனக்குத் தெரியாது. கான் வாயில் முழங்கால் போட்டுக் காதை வைத்துக்கொண்டிருந்தேன். லூசியா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு, சின்னதாக, சக்கரம் உரசுகிற சத்தம். இருட்டுக்குள்ளேயே வந்து என் கையில் முட்டிக்கொண்டு நின்றது.

அடுத்த ஒழுங்கைக் கானையும் காட்டச் சொல்லியிருக்கிறார். எட்டாம் பொதி நீதான் செய்ய வேண்டும். புறக்கோட்டை என்று சொன்ன வாயைக் கழுவிவிட்டேன்.

இனி உன் தாள். அது வந்து இவ்வளவு நாளும் பதில் போடாமல் இருந்தது கோபத்தில் இல்லை. எடுக்கிறேன், மடிக்கிறேன், வைக்கிறேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை, பிள்ளை பெறாதவள். அம்மாவிடம் கேட்டேன், உன் பெயர் சொல்லாமல்தான். "அது சில பேருக்கு வரும். டொக்டரிட்டக் காட்டினா மாறும். தனிய விடக் கூடாது" என்றா. தான் என்னைப் பெற்றபோது மூன்று மாதம் கண்ணாடி பார்க்கவில்லையாம். முப்பது வருசமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இப்போதுதான் சொல்கிறா.

தடுப்பை எடுத்துவிட்டேன். ஆனால் போன் எடுக்காதே. எடுத்தால் நீ ஓம் ஓம் என்பாய், நானும் நம்பி வைத்துவிடுவேன். எழுது. நாலாவதை மட்டும் எழுது. கூப்பிடாமல் வந்து நிற்க எனக்கு இன்னும் மனமில்லை அரு, அந்தக் காவலாளியின் கதிரை நினைவுக்கு வருகிறது. கூப்பிட்டால் வருவேன்.

கொன்ஸி


வெள்ளவத்தை
ஒக்ரோபர் 15

கொன்ஸி,

பொதி இல்லை.

நாலாவது: நேற்று முழுக்க நான் ஒன்றும் சாப்பிடவில்லை. காலையில் தாரிகா அழுதபோது எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை. போனேன், ஆனால் நேரம் எடுத்தது. மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் போன் எடுத்து, அன்றைக்குச் சொன்னது சரியில்லை என்று சொன்னேன். நாளைக் காலை டொக்டரிடம் வரச் சொல்லியிருக்கிறா. தனியாகப் போக முடியாது.

களைக்கிறேன்.

பெட்டியில் இந்தத் தாளைத் தவிர ஒன்றும் இல்லை. இஸ்ஸதீன் நானா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னக்கி பாரமே இல்லியே, மகள்?" என்றார். இன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் பாரம் இருக்கும் என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது. நீ செருப்பைத் தேடி மாட்டும்வரை வாசலில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வா.

அரு